ஊரு கிளப்போட பழைய ஃபுட்பால் போட்டோவ ஆன்லைன்ல சேத்து வைக்கது எப்படி

கன்னியாகுமரி மாவட்டத்துக் கடக்கரை ஊருங்க தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை பக்கம்லாம் பழைய டீம் போட்டோ வீட்டுச் சுவருலதான் தொங்கும், மக்கா மொதல்ல அதப் புடிங்க, கடக்காத்து ஈரத்துல அது கண்ணாடியோட ஒட்டிக்கிடும். ஒட்டிட்டுன்னா பிச்சு எடுக்காதீங்க, மூஞ்சி அப்படியே கண்ணாடியோட வந்துரும், ஃப்ரேம மட்டும் கழத்திட்டு கண்ணாடியோடயே ஸ்கேன் பண்ணுங்க. ஸ்கேனர்ல 600 டிபிஐ (படம் எவ்வளவு நுணுக்கமா வரணும்ங்கற அளவு) வைங்க, டிஃப் (TIFF, தரம் குறையாத ஃபைல் வகை) ஃபைலா சேவ் பண்ணுங்க. வாட்ஸ்அப்ல போட்டோவா அனுப்புனா சுருங்கிரும், டாக்குமெண்டா அனுப்பச் சொல்லுங்க.

அப்புறம் பேரு, இதுதான் மெயின் வேல. ஒரே டீம்ல மூணு அந்தோணி நிப்பாவ, அதனால பாட்டாமார்கிட்ட உக்காந்து இடமிருந்து வலமா பேரு, வட்டப்பேரு (பட்டப்பேரு), அப்பா பேரு, கோலியா பேக்கா ஃபார்வேர்டான்னு எல்லாம் கேட்டு செல்லுல ரெக்கார்ட் பண்ணிருங்க (நடுவுல 1 மணிக்கூறு பெனால்டி சண்டையும் வரும், அதையும் வெட்டாதீங்க, அதுதான் சரக்கே). வருஷத்த மட்டும் ஒரு ஆளு சொன்னாருன்னு எழுதாதீங்க, டோர்ணமெண்ட் நோட்டீஸோ கப்புல வெட்டுன எழுத்தோ பாருங்க, கிடைக்கலன்னா '1980கள்' போதும்.

ஆன்லைன்ல ஏத்துறதுக்கு இன்டர்நெட் ஆர்க்கைவ்ங்கற வெப்சைட் (archive.org) ஃப்ரீ. ஒரு காப்பி ஹார்ட் டிஸ்க்ல போட்டு கடக்கரைக்கு வெளிய, மார்த்தாண்டத்துலயோ நாகர்கோவில்லயோ சொந்தக்காரங்க வீட்டுல வைங்க, 2017 ஒக்கி புயலுக்கு அப்புறம் இத விளக்கவே வேண்டாம். வாங்குன போட்டோவ அன்னைக்கே திருப்பிக் குடுத்துருங்க, இல்லன்னா அடுத்த வீட்டுல ஆல்பத்தத் தொறக்கவே மாட்டாவ.