பக்குலோவைரசில் புரதம் எடுக்கிறீர்களா? முதலில் வைரசுக் கையிருப்பைக் கவனியுங்கள்

பக்குலோவைரசு பூச்சிகளைத் தொற்றும் வைரசு. நமக்கு வேண்டிய புரதத்தின் பரம்பரையலகை அதில் ஏற்றி, பூச்சிக் கலங்களைத் தொற்றவைத்தால் அவை அந்தப் புரதத்தை ஆக்கும். சோளத்தைத் தின்னும் படைப்புழுவின் கூட்டுப்புழுச் சூலகத்திலிருந்து வந்ததுதான் இதற்கு எடுக்கும் எஸ்எஃப்9 கலம். புழு யாழ்ப்பாண வெயிலைத் தாங்கும், குடுவையில் வளரும் கலம் தாங்காது. அதற்கு 27 முதல் 28 பாகை செல்சியஸ் வேண்டும். சித்திரை, வைகாசியில் அறையே 30 பாகையைத் தாண்டிவிடும். அப்போது சூடாக்க மட்டும் தெரிந்த இன்கியூபேற்றர் உதவாது, குளிரூட்டுவதாகப் பார்த்து வாங்குங்கள். காபனீரொட்சைட்டு தேவையில்லை. கரண்ட் போய்க் குலுக்கி நின்றால் கலங்கள் அடியில் படிந்து ஒட்சிசனுக்குத் திணறும். கரண்ட் வரும்வரை குடுவையைக் கையால் மெதுவாகச் சுழற்றிக் கொண்டிருங்கள்.

பாக்மிட்டு என்பது பற்றீரியாவுக்குள் வைத்துப் பெருக்கும் வைரசு டீஎன்ஏ. நம் பரம்பரையலகு ஏறிய பற்றீரியாக் கொலனி வெள்ளை, ஏறாதது நீலம். வெள்ளைக் கொலனியை 48 மணி நேரத்துக்கு முன் எடுக்க வேண்டாம், நீலம் பிந்தித்தான் தெரியும். எடுத்ததை மறுபடி கீறி வளர்த்து, பீசீஆரில் உறுதிப்படுத்துங்கள். ஆறு குழித் தட்டில் குழிக்கு 8 முதல் 10 லட்சம் கலங்களுக்குள் அதன் பாக்மிட்டைச் செலுத்தினால், ஏறக்குறைய 72 மணி நேரத்தில் கலங்கள் வீங்கும், கரு கலத்தையே நிரப்பும். வைரசு உள்ள மேல்திரவம்தான் பீ1, அதாவது முதல் தலைமுறை வைரசு. 2% சீரம் சேர்த்து, 4 பாகையில், இருட்டில் வையுங்கள்.

பலர் பிழைவிடுவது இதைப் பெருக்கும்போதுதான். வைரசைக் கூட ஊற்றினால் கூட வரும் என்று நினைக்கிறார்கள். ஒரே கலத்துக்குள் பல வைரசுகள் புகுந்தால், பரம்பரையலகுகளை இழந்த குறை வைரசுகள் முழு வைரசின் உதவியில் வேகமாகப் பெருகிவிடும். அதனால் பத்துக் கலத்துக்கு ஒரு வைரசு போதும். 50 மில்லிலீற்றரில், மில்லிலீற்றருக்கு 20 லட்சம் வீதம், 10 கோடி கலங்கள் உள்ளன. தேவை 1 கோடி வைரசு. பீ1இன் செறிவு மில்லிலீற்றருக்கு 1 கோடி என்றால் 1 மில்லிலீற்றர் விடுங்கள். பீ3க்கு மேல் போகாதீர்கள். புரதம் குறைந்தால் பழைய பீ1க்குத் திரும்புங்கள்.

புரதம் எடுக்கும்போது கணக்கு மாறும்: கலம் ஒன்றுக்கு 2 முதல் 5 வைரசு. உயிருள்ள கலங்கள் 95%க்குக் குறைந்த குடுவையில் தொடங்க வேண்டாம். மறுநாள் எண்ணிப் பாருங்கள். கலங்கள் இரட்டித்திருந்தால் வைரசு போதவில்லை, தொற்றிய கலம் பிரியாது. 48, 72 மணியில் மாதிரி எடுத்து, புரதம் கூடிய நேரத்தைத் தெரிவுசெய்யுங்கள். பிந்தினால் கலம் வெடித்து, அதன் நொதியங்களே புரதத்தை அரிக்கும்.

ஊடகத்துக்குள் சுரக்கும் புரதத்தை நேரே நிக்கல் நிரலில் (புரதத்தைப் பிடித்துப் பிரித்தெடுக்கும் குழாய்) ஊற்றாதீர்கள். அதிலுள்ள சேர்மங்கள் நிக்கலைக் கழற்றிவிடும், நீல நிரல் வெளுக்கும். முதலில் தாங்கற்கரைசலுக்கு மாற்றுங்கள்.