முடி பிடுங்கும் கோளாறு உள்ளவர்கள் புருவத்தில் பச்சை குத்திக்கொள்ளும் முன்

புருவ முடியைத் தம்மை அறியாமலேயே பிடுங்கிவிடுபவர்களுக்கு, கோலாலம்பூர் அழகு நிலையங்களில் ‘ஐப்ரோ எம்ப்ராய்டரி’ என்றும் ‘சூலாம் அலிஸ்’ என்றும் விளம்பரம் செய்யப்படும் அலங்காரப் பச்சை பெரிய ஆறுதலாக அமையக்கூடும். தினமும் காலையில் பென்சிலும் கையுமாகக் கண்ணாடி முன் நிற்கவேண்டியதில்லை. வரைந்த புருவம் வியர்வையில் அழிந்துவிடுமோ என்ற பதற்றமும் இல்லை. ஆனால் அது வெறுமையை மறைக்குமே தவிர, பிடுங்கும் உந்துதலைத் தணிக்காது. ஊசி படும் இரண்டு மணி நேரத்தைவிட, அதன்பின் தோல் ஆறும் பத்து நாட்களே உண்மையான சோதனை என்பதால், எல்லா ஏற்பாடுகளையும் அந்த நாட்களை மனத்தில் வைத்தே செய்யவேண்டும்.

முதலில் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். புழுவெட்டாலும் தைராய்டு குறைபாட்டாலும்கூடப் புருவம் உதிரும். முடி பிடுங்குவதுதான் காரணம் என்றால், 1889ஆம் ஆண்டிலேயே பிரெஞ்சுத் தோல் மருத்துவர் ஹாலப்போ ‘டிரைக்கோட்டில்லோமேனியா’ எனப் பெயரிட்ட அக்கோளாறுக்குச் சிகிச்சை உண்டு. அருகிலுள்ள கிளினிக் கெசிஹாத்தான் எனப்படும் அரசுச் சுகாதார நிலையத்திலேயே மனநலப் பிரிவுக்குப் பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். கை புருவத்தை நோக்கிப் போகும்போதே அதை உணர்ந்து, வேறு செயலுக்குத் திருப்பும் பழக்கமாற்றுப் பயிற்சியைச் சில வாரங்கள் செய்தபின் பச்சைக்குப் போவது நல்லது. அப்பயிற்சியே ஆறும் நாட்களில் உங்களைக் காப்பாற்றும்.

முறையைத் தேர்ந்தெடுப்பதில் அவசரம் வேண்டாம். மைக்ரோபிளேடிங் என்பது முடி போன்ற மெல்லிய கோடுகளைக் கையால் கீறி வரைவது. சுற்றிலும் உண்மையான முடி இருந்தால்தான் அது எடுபடும். முடியே இல்லாத புருவத்திலும், எண்ணெய்ப்பசை மிகுந்த தோலிலும் அக்கோடுகள் நாளடைவில் மங்கிக் கலந்துவிடும். எந்திர ஊசியால் புள்ளி புள்ளியாக நிழல் போடும் பவுடர் முறை, முடி இருக்கும் வாரத்திலும் இல்லாத வாரத்திலும் ஏறத்தாழ ஒரே தோற்றம் தருவதால், பிடுங்குபவர்களுக்கு அதுவே பொருத்தம் என்பது என் கருத்து. பல ஆண்டுகள் பிடுங்கியதால் தழும்பேறிய தோல் சாயத்தைச் சீராக ஏற்காது. ஆகவே உங்கள் கோளாறை ஊசி பிடிப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். கேட்டதும் முகம் சுளிக்கும் நிலையத்தில் உட்காரவே வேண்டாம்.

நிறத்திலும் கவனம் தேவை. நிலையங்களில் காட்டப்படும் படங்கள் பெரும்பாலும் வெளிர் தோலில், குத்திய அன்றே எடுக்கப்பட்டவை. மாநிறத் தோலில் ஆறி முடிந்த புருவங்களின் படங்களைக் கேட்டுப் பாருங்கள். சுத்தக் கறுப்பு காலப்போக்கில் நீலச்சாம்பலாக மாறக்கூடும் என்பதால் அடர்பழுப்பே பாதுகாப்பானது. ஊசி உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். கர்ப்பிணிகளும், தழும்பு தடித்து வளரும் தோலினரும், முகப்பருவுக்கு ஐசோட்ரெட்டினாயின் உட்கொள்பவர்களும், இரத்தம் உறையாமைக்கான மருந்து சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்காமல் முன்பதிவு செய்யக்கூடாது. அண்மையில் பிடுங்கிச் சிவந்திருக்கும் புருவத்தில் குத்தவே கூடாது.

நாள் குறிக்கும்போது தைப்பூசத்தையும் தீபாவளியையும் தள்ளி வையுங்கள். பத்துமலைப் படியேறும் வெயிலும் வியர்வையும், நெற்றியிலிருந்து புருவத்தில் உதிரும் திருநீறும் ஆறாத தோலுக்கு ஆகாதவை. பாட்டி சொன்னாலும் மஞ்சள் பூசாதீர்கள்.

முதல் சில நாட்கள் புருவம் எதிர்பார்த்ததைவிடக் கறுப்பாக இருக்கும். ஐந்தாம் நாள் வாக்கில் பொருக்கு கிளம்பி அரிக்கும்; விரல்நுனிக்கு அது முளைவிடும் முடியைப் போலவே சொரசொரப்பாகத் தட்டுப்படும் என்பதே இங்குள்ள கண்ணி. உரித்தால் சாயமும் சேர்ந்து வந்துவிடும், தழும்பும் விழலாம். ஆகவே நகங்களை ஒட்ட வெட்டி, பிடுங்கும் இரு விரல்களின் நுனியிலும் பிளாஸ்டர் சுற்றிக்கொள்ளுங்கள். இரவில் மெல்லிய பருத்திக் கையுறை உதவும். முடியிடுக்கியையும் பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடியையும் வீட்டார் யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் கார் சன்னலில் முழங்கையை ஊன்றும்போதுதான் பலருக்குக் கை தானாக மேலே போகும்; அந்நாட்களில் எல்.ஆர்.டி. நகர ரயிலில் போய், கையில் ஏதேனும் பிடித்துக்கொள்ளுங்கள்.

பொருக்கு உதிர்ந்ததும் நிறம் காணாமல் போனதுபோல் தோன்றி, சில வாரங்களில் மீண்டும் தெளியும். ஆறு முதல் எட்டு வாரங்களில் நடக்கும் திருத்தத்தின்போது, இடையில் உரித்திருந்தால் அந்த இடத்தைக் காட்டிச் சொல்லுங்கள். புண் ஆறாத தோலில் மேலும் சாயம் ஏற்றுவதைவிட இன்னும் ஒரு மாதம் காத்திருப்பது மேல். சில சாயங்களில் இரும்பு ஆக்சைடு இருப்பதால், பின்னாளில் காந்தத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்க நேர்ந்தால் புருவத்தில் பச்சை இருப்பதை அங்குள்ள ஊழியரிடம் முன்பே தெரிவிக்கவேண்டும்.