குடியிருப்பு நிலத்தைப் பொதுப் பூங்காவாக மாற்றுவது எப்படி? குமரி மாவட்டத்தாருக்கு ஒரு வழிகாட்டி

தெருவுக்கு ஒரு பூங்கா வேண்டும் என்று ஊரார் கூடி முடிவெடுத்ததும், பெரும்பாலும் முதல் வேலையாக நில உபயோக மாற்றம் (நகரத் திட்டத்தில் அந்த நிலத்துக்குக் குறித்த பயன்பாட்டை மாற்றுவது; மண்டல மாற்றம் என்பதும் இதுவே) கோரும் மனுவை எழுதிவிடுகிறார்கள். என் கணிப்பில் அது இரண்டாவதாகவோ மூன்றாவதாகவோ எழுதப்பட வேண்டிய மனு. நிலம் யார் பெயரில் இருக்கிறது, அது உள்ளாட்சியின் கைக்கு எந்த வழியாக வரும் என்ற கேள்விகளுக்கு விடை கிடைக்காமல் திட்ட வரைபடத்தில் நிறத்தை மட்டும் பூங்காவுக்குரிய பச்சையாக மாற்றினால், அந்தப் பச்சை தாளோடு நின்றுவிடும். ஆகவே இந்தக் கட்டுரை பத்திரத்தில் தொடங்கி, மண்டல மாற்றத்துக்குப் பிறகே வருகிறது.

குமரி மாவட்டத்தின் பரப்பு சுமார் 1,672 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 18.7 லட்சம். பரப்பில் பெரும்பங்கைக் காடும் மலையும் வயலும் எடுத்துக்கொண்டபின் எஞ்சிய இடத்தில்தான் வீடுகள். ஒன்றிய அரசு 2014-இல் வெளியிட்ட நகரத் திட்ட வழிகாட்டு நெறிகள், 5,000 பேர் வாழும் குடியிருப்புக்கு அரை ஹெக்டேர், அதாவது ஏறத்தாழ 123 சென்ட், பூங்காவாக இருக்க வேண்டும் என்கின்றன. நாகர்கோவிலிலோ மார்த்தாண்டத்திலோ ஒரே இடத்தில் அவ்வளவு சென்ட் கிடைப்பது அரிது. இருபது, முப்பது சென்டில் நடைபாதையும் நிழலும் பிள்ளைகளுக்கு மணல்பரப்பும் அமைந்தாலே அது பயனுள்ள பூங்கா என்ற மனநிலையோடு தொடங்குவதே நல்லது.

ஏற்கெனவே ஒதுக்கிய இடத்தைத் தேடுங்கள்

புதிய நிலத்தைத் தேடுமுன், உங்கள் பகுதியில் அங்கீகாரம் பெற்ற மனைப்பிரிவுகளின் வரைபடங்களைப் பாருங்கள். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி, 10,000 சதுர மீட்டருக்கு (247 சென்ட்) மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலான பரப்பில் பத்து விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சி அமைப்புக்குத் தானப் பத்திரம் மூலம் ஒப்படைத்தாக வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரையுள்ள மனைப்பிரிவில், இடமாக ஒதுக்காமல் அதற்கீடான பணத்தைச் செலுத்தவும் வழி உண்டு; 3,000 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 74 சென்டுக்கு, உட்பட்டதற்கு இந்தக் கடமை இல்லை. நான்கு ஏக்கர் மனைப்பிரிவில் சாலைக்கு நூறு சென்ட் போனால், எஞ்சும் முந்நூறு சென்டில் முப்பது சென்ட் பூங்காவுக்கு உரியது என்று கணக்கிட்டுக்கொள்ளலாம்.

இந்த முப்பது சென்ட் பல ஊர்களில் கண்ணெதிரே காணாமல் போகிறது. நான் நன்கறிந்த ஒரு மனைப்பிரிவில் வரைபடத்தில் 'பூங்கா' என்று எழுதியிருந்த இடத்துக்குத் தானப் பத்திரம் முறையாகப் பதிவாகியிருந்தது. ஆனால் பட்டா மட்டும் மனை விற்றவர் பெயரிலேயே ஆண்டுக்கணக்கில் கிடந்தது, ஒருவரும் கேட்கவில்லை. பின்னர் ஒரு நாள் அந்த இடத்துக்கே வேலி போட்டு, அளவுக்கல் நட்டு, இரண்டு மனைகளாக விலை பேசிக்கொண்டிருந்தபோதுதான் தெருவாருக்குப் பொறி தட்டியது. அப்படி ஒரு நிலை வராதிருக்க, அங்கீகரிக்கப்பட்ட மனைப்பிரிவு வரைபடம், தானப் பத்திரம், உள்ளாட்சியின் சொத்துப் பதிவேட்டில் அந்த இடத்துக்குரிய பதிவு ஆகிய மூன்றின் நகல்களையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ப் பொதுத் தகவல் அலுவலரிடம் கேளுங்கள். விண்ணப்பக் கட்டணம் 10 ரூபாய். பதில் தர 30 நாள் கெடு. நகல்கள் கைக்கு வந்ததும், உள்ளாட்சியின் பெயருக்குப் பட்டா மாற்றும்படி ஆணையரிடமோ செயல் அலுவலரிடமோ மனு கொடுங்கள். இத்தகைய இடத்துக்கு மண்டல மாற்றமே பெரும்பாலும் தேவைப்படாது. வரைபடத்திலேயே அது பூங்கா. பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குத் தந்த பெங்களூரு வழக்கில், அது செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1991-இல் தீர்ப்பளித்ததை மனுவில் சுட்டிக்காட்டினால் வலுச்சேரும்.

தனியார் நிலம் என்றால்

இடம் தர முன்வரும் குடும்பம் கிடைத்துவிட்டால், முதலில் பத்திரத்தைப் படிக்க வேண்டும். நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததால், தாய்ப்பத்திரம் மலையாளத்திலும் கொல்லம் ஆண்டுக் கணக்கிலும் இருப்பது இங்கே வியப்பல்ல. கொல்லம் ஆண்டு 1110 என்றால் ஆங்கில ஆண்டில் 1934-35. மலையாளம் படிக்கத் தெரிந்த பத்திர எழுத்தர் ஒருவரைக் கொண்டு நான்கெல்லை, பரப்பு, பழைய சர்வே எண் ஆகியவற்றைத் தமிழில் எழுதி வாங்கி, இப்போதைய அ பதிவேட்டோடும் (சர்வே எண்வாரியாகப் பரப்பையும் உரிமையாளரையும் காட்டும் வருவாய்த் துறைப் பதிவேடு) புலப்படத்தோடும் (நிலத்தின் எல்லைகளைக் காட்டும் அளவை வரைபடம்) ஒத்துப்பாருங்கள். நகரப் பகுதியானால் நகர நில அளவைப் பதிவேட்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். வில்லங்கச் சான்றிதழில் அடமானமோ ஒற்றியோ தெரிந்தால், அது தீரும்வரை தானத்தைப் பற்றிப் பேசாதிருப்பதே மேல்.

குடும்பச் சொத்தில் பாகம் பிரிக்காத பங்காளிகள் வளைகுடாவில் இருப்பதும் இங்கே வழக்கம்தான். அத்தனை பேரும் கையெழுத்திட வேண்டும். வர இயலாதவர் அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்ற அதிகாரப் பத்திரம் அனுப்ப வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் பிற்காலத்தில் பூங்காவின் நடுவே பங்கு கேட்டு வழக்கு வரும். தானம் கொடுப்பவர் உயிரோடிருக்கும்போதே பெறுபவர் அதை ஏற்றிருக்க வேண்டும் என்பது சொத்து மாற்றுச் சட்டத்தின் விதி. எனவே, தானத்தை ஏற்கும் மாமன்ற, நகர்மன்ற, பேரூராட்சி அல்லது ஊராட்சித் தீர்மானத்தைப் பத்திரப் பதிவுக்கு முன்னரே வாங்கிவிடுங்கள். முதியவர் கொடுக்கும் இடமானால் இதில் ஒரு வாரத் தாமதமும் ஆபத்து. 'பொதுப் பூங்காவாக மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டும்' என்ற வாசகம் பத்திரத்தில் இருக்கட்டும்.

பாதை இன்னொரு சிக்கல். விளைகளுக்கு நடுவே இருக்கும் மனைகளுக்குப் பல வேளை ஒரு முடுக்குதான் வழி. அதுவும் தனியாருக்குரியதாக இருக்கும். பூங்காவைத் தானம் செய்தவர் முடுக்கைத் தானம் செய்யாவிட்டால், நாளை அதன் வாசலில் கேட் போட்டுப் பூட்டினால் கேட்பாரில்லை. பொதுச் சாலையிலிருந்து பூங்கா வாசல் வரையுள்ள வழியும் உள்ளாட்சிக்கு எழுதிக்கொடுக்கப்பட வேண்டும்.

உரிமையாளர் இசையாத நிலத்தை வரைபடத்தில் பூங்காவென்று குறித்துவிட்டால் போதும் என்று சிலர் யோசனை சொல்வதுண்டு. 1971-ஆம் ஆண்டு தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு அதற்கு இடம் தராது. திட்டத்தில் பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கிய தனியார் நிலத்தை, அறிவிப்பு அரசிதழில் வெளியான நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் கையகப்படுத்துவதற்கான அறிவிக்கை செய்யாமலும் உடன்படிக்கையால் வாங்காமலும் விட்டால், அந்த ஒதுக்கீட்டிலிருந்து நிலம் விடுவிக்கப்பட்டதாகவே கருதப்படும். ஆகவே விலைக்கு வாங்கப் பணமும் அதற்கான மன்றத் தீர்மானமும் இல்லாமல் அந்த வழியில் இறங்குவது வீண். அண்டைவீட்டாரோடு பகைதான் மிஞ்சும்.

குளத்தையோ ஓடையையோ ஏலா என்னும் வயல்வெளியையோ மூடிப் பூங்கா கேட்காதீர்கள். நீர்நிலையை இழந்து பெறும் புல்தரை நமக்கு வேண்டாம். கோயிலுக்கோ தேவாலயத்துக்கோ உரிய நிலமானால் அவற்றின் இசைவு முதலில் வேண்டும். கோயில் நிலத்துக்கு அறநிலையத் துறை வழியாகவே அது வர வேண்டும். கடற்கரை ஊர்களுக்கு மட்டும் ஒரு வசதி உண்டு. கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மூன்றாம் வகைப் பகுதியில் கட்டடம் தடைசெய்யப்பட்ட பட்டையிலும் தோட்டம், பூங்கா, விளையாட்டுத் திடல் ஆகியவற்றை அனுமதிக்கிறது. வீடு கட்ட முடியாத இடமாதலால் உரிமையாளருக்கும் அதைப் பூங்காவுக்குத் தருவதில் இழப்பு குறைவு.

மண்டல மாற்றம்

நிலம் உள்ளாட்சியின் பெயருக்கு வந்தபின், அல்லது வருவது உறுதியானபின், திட்ட வரைபடத்தைப் பாருங்கள். முழுமைத் திட்டம் (ஒரு நகரும் அதன் சுற்றுப்புறமும் எப்படி வளர வேண்டும் என்று வகுத்த மாஸ்டர் பிளான்) நடப்பில் உள்ள பகுதியில் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் ஒரு மண்டலம் குறிக்கப்பட்டிருக்கும். உள்ளூர் திட்டக் குழுமத்திலோ மாவட்ட நகர் ஊரமைப்பு அலுவலகத்திலோ மண்டலச் சான்றைக் கேட்டு வாங்கலாம். முழுமைத் திட்டத்துக்கு வெளியே உள்ள ஊராட்சிகளில் மாற்றுவதற்கு மண்டலமே இல்லை. அங்கே மன்றத் தீர்மானமும் பட்டாவும் சொத்துப் பதிவேட்டுப் பதிவும் போதும். கிராம சபைத் தீர்மானம் கூடுதல் வலு. கிராம சபை கூடும் ஆறு நாள்களுள் நவம்பர் 1-உம் ஒன்று. அது நம் மாவட்டம் தாய்த் தமிழகத்தோடு இணைந்த நாளும் ஆகையால் கூட்டம் சேர்வது எளிது.

முழுமைத் திட்டப் பகுதியில் குடியிருப்பு மண்டலத்தில் பூங்காவும் விளையாட்டுத் திடலும் அனுமதிக்கப்பட்ட பயன்பாடுகளே. அப்படியானால் எதற்கு மாற்றம் என்று கேட்கலாம். குடியிருப்பு மண்டலத்தில் உள்ள இடத்தில் இன்று பூங்கா இருந்தாலும், நாளை அங்கே உள்ளாட்சியே கடை வரிசையோ அலுவலகமோ கட்ட நினைத்தால் மண்டலம் குறுக்கே நிற்காது. திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு மண்டலமாகிவிட்டால், அதை மீண்டும் மாற்ற வேண்டுமானால் அரசு வரை போக வேண்டும். அந்தப் பயணம் ஊரார் கண்ணில் படாமல் நடக்காது. நில உபயோக மாற்றத்தின் பயன் இந்தப் பூட்டுதான், அதற்காகவே இந்த அலைச்சலை ஏற்கலாம்.

முழுமைத் திட்டத்தில் மாற்றம் செய்யும் அதிகாரத்தை நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 32-ஆம் பிரிவு அரசுக்குத் தருகிறது. விரிவு அபிவிருத்தித் திட்டம் (ஒரு சிறு பகுதிக்கென்று தனியே விரிவாக வகுத்த திட்டம்) உள்ள பகுதியானால் 33-ஆம் பிரிவு பொருந்தும். சில வார்டுகளில் இரண்டு திட்டங்களும் ஒன்றன்மேல் ஒன்றாக இருக்கும், எனவே எது பொருந்தும் என்பதை மண்டலச் சான்று கேட்கும்போதே எழுத்தில் வாங்குங்கள். விண்ணப்பத்தை நில உரிமையாளர் என்ற முறையில் உள்ளாட்சியே கொடுப்பது சிறப்பு. ஊர்ச்சங்கத்தின் பெயரில் கொடுத்தால் தகுதியைப் பற்றிய கேள்வியிலேயே மாதங்கள் கழியும். பட்டா, பத்திர நகல், வில்லங்கச் சான்றிதழ், புலப்படம், சுற்றியுள்ள கட்டடங்களையும் சாலைகளையும் காட்டும் இட வரைபடம், மன்றத் தீர்மானம் ஆகியவற்றை இணைக்க வேண்டும். தீர்மானத்தில் சர்வே எண், உட்பிரிவு எண், பரப்பு, 'குடியிருப்பிலிருந்து திறந்தவெளி மற்றும் பொழுதுபோக்கு உபயோகத்துக்கு' என்ற சொற்கள் எல்லாம் பிழையின்றி இருக்கட்டும். உட்பிரிவு எண்ணில் ஓர் இலக்கம் தவறினால் கோப்பு அப்படியே திரும்பி வரும்.

அதன்பின் இட ஆய்வு, நாளிதழ்களில் அறிவிப்பு, ஆட்சேபணை கேட்பு, நகர் ஊரமைப்பு இயக்குநரின் பரிந்துரை, வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறையின் ஆணை, அரசிதழ் வெளியீடு என்று கோப்பு நகரும். இவற்றுள் ஊரார் கையில் இருப்பது ஆட்சேபணைக் கட்டம் ஒன்றே. குடிகாரர் கூடுவர், பாம்பு வரும், என் வீட்டு மதிலோரம் குப்பை கொட்டுவர் என்று அடுத்த வீட்டுக்காரர் எழுதுவதை அற்பமென்று ஒதுக்காதீர்கள். அந்த அச்சம் நியாயமானது. பூங்கா மூடும் நேரம், விளக்கு, மதிலிலிருந்து மரங்களுக்கு விட வேண்டிய இடைவெளி, குப்பை அகற்றும் நாள் ஆகியவற்றைத் தெருவாரே எழுதி மன்றத்தின் ஒப்புதலோடு இணைத்தால், ஆட்சேபணைகளில் பாதி கேட்பு நாளுக்கு முன்பே திரும்பப் பெறப்படும். ஆதரிப்போரும் எழுத்தில் தர வேண்டும். ஆதரிப்பவர் மௌனமாக இருந்தால் கோப்பில் எதிர்ப்பு மட்டுமே இருக்கும்.

ஆணை வந்த பிறகு

அரசிதழில் வெளிவந்ததும் எல்லையை அளந்து கல் நட்டு, வேலியும் பெயர்ப்பலகையும் வைத்துவிடுங்கள். பலகையில் சர்வே எண்ணும் பரப்பும் ஆணை எண்ணும் இருக்கட்டும். கட்டமைப்புக்கு நமக்கு நாமே திட்டத்தை நாடலாம். மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் செலுத்தினால் மீதியை அரசு ஏற்கும். தோட்ட வேலையை இடவப்பாதி மழைக்கு முன் தொடங்கினால் ஜூனிலும் மீண்டும் ஐப்பசியிலும் கன்றுகளுக்கு நீர் கிடைக்கும். முதல் கோடையைத் தாண்டவைப்பது பிறகு அத்தனை பாடாக இருக்காது.

தானப் பத்திரம், உள்ளாட்சிப் பெயரிலுள்ள பட்டா, அரசிதழ்ப் பக்கம் ஆகியவற்றின் சான்றிட்ட நகல்களைக் குடியிருப்போர் சங்கத்தில் ஒன்றும் வார்டு உறுப்பினரிடம் ஒன்றுமாக வையுங்கள். ஆண்டுக்கொரு முறை இணையத்தில் அந்தப் பட்டாவைத் திறந்து, பெயர் மாறாமல் இருக்கிறதா என்று பார்க்கும் பொறுப்பைத் தெருவில் ஒருவரிடம் ஒப்படையுங்கள்.