கப்பல் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன்: அங்கீகாரத்தைச் சரிபார்க்கும் முறை

கப்பல் பயிற்சிப் பள்ளி விளம்பரங்களில் 'டி.ஜி. ஷிப்பிங் அப்ரூவ்டு' என்ற வரி தவறாமல் இருக்கும். அதைப் பார்த்ததும் பெற்றோருக்கு நிம்மதி வந்துவிடுகிறது. ஆனால் மும்பையில் உள்ள கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அதாவது டி.ஜி. ஷிப்பிங், பள்ளிக்கு மொத்தமாக அங்கீகாரம் தருவதில்லை. ஒவ்வொரு படிப்புக்கும் தனித்தனியாக, ஒரு பேட்ச்சில் எத்தனை பேர் என்ற கணக்கோடு தருகிறது. தீயணைப்பும் முதலுதவியும் சொல்லித்தர அனுமதி வாங்கிய இடம், அந்தத் தாளைக் காட்டி, சாதாரண மாலுமிகளுக்கான ஆறு மாத ஜி.பி. ரேட்டிங் வகுப்புக்கு ஆள் சேர்க்க முடியாது. ஏமாற்று நடப்பது பெரும்பாலும் இந்த இடைவெளியில்தான்.

முதலில் எந்தப் படிப்பு என்று முடிவு செய்யுங்கள். பத்தாம் வகுப்புத் தகுதியில் சேர்வது ஜி.பி. ரேட்டிங். ஆறு மாதம், விடுதியிலேயே தங்கிப் படிக்க வேண்டும். மொத்தத்தில் 40 சதவீதமும் ஆங்கிலத்தில் 40 சதவீதமும் வேண்டும், வயது பதினேழரை முதல் 25 வரை. சமையல், உணவுப் பரிமாறல் பக்கம் போகிறவர்களுக்கு சி.சி.எம்.சி. என்ற தனிப் படிப்பு உண்டு. 'ஷிப் கேட்டரிங் டிப்ளமோ', 'போர்ட் மேனேஜ்மென்ட்' போன்ற பெயர்களில் நடப்பவை வேறு. அவற்றைப் படிப்பதில் தவறில்லை, ஆனால் அந்தச் சான்றிதழை வைத்து, கப்பலில் வேலை செய்யத் தேவையான மாலுமிப் புத்தகம் வாங்க முடியாது. அதிகாரியாகப் போகிறவர்களுக்கு, பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றிலும் சேர்த்து 60 சதவீதம் இருந்தால், ஓராண்டு டி.என்.எஸ். (நாட்டிக்கல் சயின்ஸ் டிப்ளமோ), மூன்றாண்டு நாட்டிக்கல் சயின்ஸ், நான்காண்டு மரைன் இன்ஜினியரிங். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட இந்தியக் கடல்சார் பல்கலைக்கழகத்திலும் அதனோடு இணைந்த கல்லூரிகளிலும் இவற்றில் சேர அதன் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். 'தேர்வே வேண்டாம், நேரடியாக டி.என்.எஸ். சீட்' என்று அத்தகைய கல்லூரியின் பெயரைச் சொல்லி யாராவது பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

அடுத்தது கண். கட்டணம் கட்டுவதற்கு முன்பே, டி.ஜி. ஷிப்பிங் அங்கீகரித்த மருத்துவரிடம் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அந்த மருத்துவர்களின் பட்டியலும் இயக்குநரகத்தின் இணையதளத்திலேயே இருக்கிறது. நிறக்குருடு இருந்தால் டெக் பக்கம், அதாவது கப்பலைச் செலுத்தும் பிரிவுக்கு, போக வழியில்லை. இரவில் சிவப்பு, பச்சை விளக்கைப் பார்த்துத்தான் எதிரே வரும் கப்பல் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று கணிக்க வேண்டும். பலருக்குத் தங்களுக்கு நிறக்குருடு இருப்பதே இந்தப் பரிசோதனையில்தான் தெரியவரும். கட்டணம் முழுவதும் கட்டிய பிறகு தெரிந்தால் அந்தப் பணம் திரும்ப வருவது கடினம்.

இனி பட்டியலைப் பாருங்கள். இயக்குநரகத்தின் இணையதள முகவரி ஜி.ஓ.வி. டாட் இன் என்று முடியும். தேடுபொறியில் முதலில் வரும் விளம்பர இணைப்பைத் தொடாமல் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். பயிற்சி நிறுவனங்களின் பட்டியலில் பள்ளியின் பெயர், எம்.டி.ஐ. எண் (பயிற்சி நிறுவனத்துக்கான அடையாள எண்), முகவரி, அனுமதி பெற்ற படிப்புகள், இருக்கைகள் எல்லாம் கிடைக்கும். உங்கள் கையிலுள்ள விளம்பரத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஒப்பிடுங்கள். பெயரில் ஓர் எழுத்து மாறினாலும் வேறு நிறுவனமாக இருக்கலாம். முகவரியும் பொருந்த வேண்டும், ஏனெனில் ஓர் ஊரில் அங்கீகாரம் வாங்கிவிட்டு இன்னோர் ஊர்க் கிளையில் வகுப்பு நடத்தினால் அது அங்கீகாரம் பெற்ற பயிற்சி ஆகாது. இருக்கைக் கணக்கையும் விடாதீர்கள். ஒரு பேட்ச்சுக்கு 40 பேர் என்று இருக்கும்போது உங்களை 41ஆவது ஆளாகச் சேர்த்தால், பள்ளி உண்மையானதாகவே இருந்தாலும் உங்கள் பெயரைப் பதிய முடியாது.

அனுமதி பெற்ற பள்ளிகளை வகைப்பிரிப்பதற்கு விரிவான ஆய்வுத் திட்டம் ஒன்று உண்டு, சுருக்கமாக சி.ஐ.பி. கப்பல்களை ஆய்வு செய்து தரச்சான்று தருபவை கப்பல் வகைப்பாட்டு நிறுவனங்கள். அவற்றில் இயக்குநரகம் அங்கீகரித்தவை நேரில் வந்து கட்டடம், ஆசிரியர், கருவி, பதிவேடு எல்லாவற்றையும் பார்த்து ஏ1, ஏ2, பி1 என்று தரம் போடுகின்றன. பழைய ஏ1 பலகையை வாசலில் மாட்டி வைத்திருப்பார்கள், அதில் உள்ள ஆண்டைப் படியுங்கள்.

தரம் எதுவாக இருந்தாலும் ஒருமுறை நேரில் போய்த்தான் ஆக வேண்டும். வரவேற்பறையையும் கப்பல் மாதிரியையும் காட்டி அனுப்பப் பார்ப்பார்கள். தீயணைப்புக் கூடத்தைக் காட்டச் சொல்லுங்கள். சுவர் புகையேறிக் கறுத்திருக்க வேண்டும். வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்தால் அங்கே நெருப்பு மூட்டியே நாளாகிவிட்டது என்று அர்த்தம். மூச்சுக் கருவியின் சிலிண்டரைக் கையில் எடுத்து அழுத்தமானியைப் பாருங்கள். 6 லிட்டர் சிலிண்டரில் 300 பார் அழுத்தம் இருந்தால் 1,800 லிட்டர் காற்று, நிமிடத்துக்கு 40 லிட்டர் செலவானால் 45 நிமிடம் தாங்கும். முள் பூஜ்யத்தில் கிடந்தால் மாணவர்கள் அதை முதுகில் மாட்டிப் படம் மட்டும் எடுத்துக்கொண்டு போகிறார்கள். சிலிண்டரில் அழுத்தச் சோதனை நடந்த தேதி பொறித்திருக்கும், அதையும் பாருங்கள். பிறகு உயிர்காப்புப் படகை இறக்கும் கம்பிக் கயிற்றைத் தொட்டுப் பாருங்கள். கிரீஸ் விரலில் ஒட்ட வேண்டும், துரு ஒட்டக் கூடாது. நீச்சல் குளத்தில் தண்ணீர் இருக்கிறதா, கவிழ்ந்த மிதவைப் படகை நிமிர்த்தும் பயிற்சி எந்தக் கிழமை நடக்கிறது என்று மாணவர்களிடம் தனியாகக் கேளுங்கள். அலுவலக ஆட்கள் சொல்லாததை அவர்கள் சொல்வார்கள்.

இவ்வளவு துருவிப் பார்ப்பது தேவையா என்று தோன்றலாம். கடலில் தீப்பிடித்தால் தீயணைப்பு வண்டி வராது, கப்பலில் இருப்பவர்களேதான் அணைக்க வேண்டும். மாலுமிகளின் பயிற்சி, சான்றிதழ் பற்றிய 1978ஆம் ஆண்டின் எஸ்.டி.சி.டபிள்யூ. சர்வதேச உடன்படிக்கை உயிர்காப்பு, தீயணைப்பு, முதலுதவி, தனிநபர் பாதுகாப்பு ஆகியவற்றைக் கட்டாயமாக்கியிருப்பதற்குக் காரணம் இதுதான். ஐந்தாவதான பாதுகாப்புக் காவல் பயிற்சி அதே உடன்படிக்கையின் 2010 மணிலா திருத்தத்தில் வந்தது. இந்த ஐந்தையும் ஒழுங்காக நடத்த ஏறத்தாழ இரண்டு வாரம் பிடிக்கும். 'வர வேண்டாம், சான்றிதழைத் தபாலில் அனுப்புகிறோம்' என்கிற இடத்தில் வாங்குவது சான்றிதழே அல்ல.

பணத்தை நிறுவனத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் மட்டும் செலுத்துங்கள். ஏஜென்டின் கணக்கிலோ யு.பி.ஐ. எண்ணிலோ வேண்டாம். ரசீதில் படிப்பின் முழுப்பெயர், பேட்ச் தொடங்கும் தேதி, எம்.டி.ஐ. எண் மூன்றும் இருக்க வேண்டும். 'அட்மிஷன் ஃபீஸ்' என்று மட்டும் எழுதிய ரசீது பிறகு புகார் கொடுக்க உதவாது. மதிப்பெண் பட்டியல், பாஸ்போர்ட் எதையும் அசலாக அவர்களிடம் விட்டுவிட்டு வராதீர்கள். காட்டிவிட்டு நகல் மட்டும் கொடுங்கள்.

சேரும்போது இன்டோஸ் எண்ணுக்கு விண்ணப்பிக்க வேண்டும். இந்தியக் கடலோடிகளின் தேசியத் தரவுத்தளத்தில் ஒருவருக்கு ஒரே எண்தான், ஆயுள் முழுக்க அதுவே. நீங்கள் முடிக்கும் ஒவ்வொரு பயிற்சியும் அந்த எண்ணின் கீழ் ஏற வேண்டும். வகுப்பு முடிந்ததும் இணையதளத்தில் போட்டுப் பாருங்கள். கையில் தாள் இருந்தும் அங்கே பதிவு இல்லையென்றால் அன்றே பள்ளியைக் கேளுங்கள், ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அலைச்சல்தான். ஜி.பி. ரேட்டிங் மாணவர்கள் கடைசியில் எழுதும் தேர்வைப் பள்ளி நடத்துவதில்லை, கடலோடிகளுக்கான தேர்வு வாரியம் அகில இந்திய அளவில் நடத்துகிறது. அதற்குப் பிறகு சி.டி.சி. எனப்படும் மாலுமிப் புத்தகம். சென்னை, மும்பை, கொல்கத்தா ஷிப்பிங் மாஸ்டர் அலுவலகங்கள் வழங்கும், பத்தாண்டு செல்லும். வெளிநாட்டு சி.டி.சி. ஒரு வாரத்தில் கிடைக்கும் என்று விற்பவர்களை நம்பி விமான நிலையம் வரை போய்த் திரும்பியவர்கள் உண்டு.

வேலை என்பது தனிக் கதை. பயிற்சி நடத்த அனுமதி இருப்பதால் ஆளைக் கப்பலில் ஏற்றும் உரிமை வந்துவிடாது. அதற்கு ஆர்.பி.எஸ்.எல். உரிமம் வேண்டும், அந்தப் பட்டியலும் அதே இணையதளத்தில் இருக்கிறது. உரிமம் பெற்ற நிறுவனம் வேலைக்காக மாலுமியிடம் பணம் வாங்கக் கூடாது என்று இந்திய விதிகளும் 2006 கடல்சார் தொழிலாளர் உடன்படிக்கையும் சொல்கின்றன. 'கட்டணத்தில் பிளேஸ்மென்ட்டும் சேர்த்தி' என்றால் எந்த நிறுவனம், உரிம எண் என்ன என்று எழுத்தில் கேளுங்கள்.

ஏமாந்துவிட்டால் ரசீது, விளம்பரம், வாட்ஸ்ஆப் உரையாடல் எல்லாவற்றையும் தேதி வரிசையில் அடுக்கி, இயக்குநரகத்தின் பயிற்சிப் பிரிவுக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். நகலைச் சென்னை ராஜாஜி சாலையில் உள்ள வணிகக் கடல்துறை அலுவலகத்தில் நேரில் கொடுத்து முத்திரை வாங்குங்கள். அங்கீகாரமே இல்லாத இடமென்றால் அதன் அனுமதியைப் பறிக்க இயக்குநரகத்திடம் எதுவும் இல்லை. அப்போது காவல் நிலையத்தில் மோசடிப் புகாரும் கொடுத்தாக வேண்டும், பட்டியலில் அந்தப் பெயர் இல்லை என்பதைக் காட்டும் அச்சுப் பிரதியையும் புகாரோடு இணையுங்கள்.