பதினோரு மாதத்துக்கு மேல் பூட்டிக் கிடக்கும் ஊர் வீடு: உள்வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பொங்கலுக்கு நான்கு நாள், வைகாசி முதல் நாள் குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவுக்கு இரண்டு நாள், பிள்ளைகளின் கோடை விடுமுறையில் ஒரு வாரம். வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று இன்று பிரிந்திருக்கும் பழைய வட ஆற்காட்டில் பல குடும்பங்களின் பூர்வீக வீடு ஆண்டுக்கு இவ்வளவுதான் திறக்கிறது. மிச்ச நாளெல்லாம் பூட்டு.

அந்த வீட்டின் உள்பகுதியைப் புதுப்பிக்கும்போது, சென்னையிலோ பெங்களூரிலோ குடியிருக்கும் ஃபிளாட்டுக்குச் செய்த வேலையையே இங்கும் செய்வதுதான் தவறுகளின் வேர். தினமும் ஆள் புழங்கும் வீட்டில் ஒழுகலோ கரையானோ உடனே கண்ணில் படும். பூட்டிய வீட்டில் முற்றிய பிறகுதான் தெரியும். ஆகவே எதை வாங்கினாலும், எதைப் பூசினாலும், ஆள் இல்லாத மாதங்களில் அது என்ன ஆகும் என்று முதலில் யோசியுங்கள்.

கூரையை விட்டுவிட்டு உள்ளே இறங்குவது

கையில் பணம் வந்ததும் டைல்ஸ் கடைக்குப் போகிறார்கள். வேலை தொடங்க வேண்டிய இடம் மேலே. ஓட்டு வீடென்றால் மாசியில் தொடங்கி சித்திரைக்குள் கூரையை முடித்துவிடுங்கள். ஆடியிலேயே மாலை இடிமழை பிடித்துவிடும். ஐப்பசியில் ஓட்டைப் பிரித்தால் உள்சுவர் முழுக்க நனையும்.

ஓட்டைத் தாங்கும் சாய்மரமான கைமரம் சுவரில் உட்காரும் முனைதான் முதலில் கெடும். பெயின்ட் பூசியிருந்தால் வெளியே தெரியாது. அந்த முனையில் திருப்புளியை அழுத்திப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் எளிதாக இறங்கினால் மரத்தை மாற்ற வேண்டும்; அல்லது அழுகிய முனையை வெட்டிவிட்டு, இரு பக்கமும் புது மரப்பட்டை வைத்து போல்ட் போட்டு இணைக்கச் சொல்ல வேண்டும். சுத்தியல் காம்பால் தட்டினால் நல்ல மரம் கணீரென்று ஒலிக்கும், உளுத்தது மொத்தென்று ஒலிக்கும்.

மங்களூர் ஓடு நூறு சதுர அடிக்குச் சுமார் 150 பிடிக்கும். ஆனால் தயாரிப்புக்குத் தயாரிப்பு அளவு கொஞ்சம் மாறும். புது ஓட்டின் வரிப்பள்ளம் பழையதோடு கவ்வாவிட்டால் அந்த இடுக்கில்தான் மழை இறங்கும். பழைய ஓடு ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள். பொருந்தவில்லையென்றால், பின்சரிவிலிருக்கும் நல்ல ஓடுகளைப் பிரித்து முன்சரிவை நிரப்பிவிட்டு, பின்சரிவு முழுவதற்கும் புது ஓடு போடுவதே சரி. பழசையும் புதுசையும் ஒரே சரிவில் கலக்காதீர்கள்.

மர உத்திரங்கள் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்துத் தளம் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீட்டில் நடக்கும் தவறு இன்னும் ஆபத்தானது. ஒழுகுகிறது என்று மேலே மூன்று அங்குல கான்கிரீட் போடுகிறார்கள். அது சதுர அடிக்குச் சுமார் 17 கிலோ. 200 சதுர அடி அறையின் பழைய மர உத்திரங்கள் மேல் மூன்று டன்னுக்கு மேல் புதிதாக ஏறுகிறது. தளத்தின் தட்டோட்டுச் சந்துகளைச் சுரண்டி, சுண்ணாம்புக் கலவையால் மீண்டும் அடைத்து, நீர் வழியும் சரிவைச் சரிசெய்தாலே பெரும்பாலும் ஒழுகல் நிற்கும். உத்திரம் வளைந்திருந்தால் கொத்தனாரின் யோசனை போதாது, கட்டுமானப் பொறியாளரை அழைத்துக் காட்டுங்கள்.

ஓட்டுக்குக் கீழே ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங் வேண்டவே வேண்டாம். எலிக்கும் வௌவாலுக்கும் அது குடியிருப்பு. ஒழுகல் எங்கே தொடங்கியது என்பதையும் மறைத்துவிடும்.

சுண்ணாம்புச் சுவருக்கு சிமென்ட் பூசுவது

அதிகம் பணம் வீணாவது இங்கேதான். கருங்கல்லும் மண் சாந்தும் வைத்துக் கட்டி, சுண்ணாம்புக் காரை பூசிய சுவரின் அடியில் ஈரம் தடுக்கும் படலம் எதுவும் கிடையாது. தரையிலிருந்து ஈரம் ஏறும். காரை வழியாகவே ஆவியாகி வெளியேறும். அதன் மேல் சிமென்ட் பூச்சு, பட்டி, பிளாஸ்டிக் எமல்ஷன் என்று மூன்று அடுக்கு ஏற்றினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் இன்னும் உயரமாக ஏறும். அதோடு வரும் உப்பு பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பூச்சைத் தள்ளும். இரண்டே மழைக்காலத்தில் இடுப்புயரத்துக்குப் பொரிந்து உதிரும். மறுபடி அதே பட்டியைப் பூசுவதால் எதுவும் மாறாது.

சுவரைத் தொடுமுன் வெளியே போய்ப் பாருங்கள். தெருவில் சாலை போடும்போதெல்லாம் மட்டம் உயர்ந்து, இன்று பல வீடுகளில் உள்தரையைவிட வெளித்தரை மேலே நிற்கிறது. சுவரில் ஏறும் இந்த ஈரத்துக்கு, அதாவது ஓதத்துக்கு, பாதிக் காரணம் அதுதான். சுவரை ஒட்டிய மண்ணை உள்தரைக்கு அரை அடி கீழே வரை எடுத்துவிட்டு, முதல் ஐந்தடிக்கு மூன்று அங்குலமாவது வெளிப்பக்கம் சாயும்படி வாட்டம் கொடுங்கள். அடித்தளக் கல் வெளியே தெரியுமளவுக்குத் தோண்டக்கூடாது. சுவரைச் சுற்றி சிமென்ட் நடைபாதை போடுவதும் தவறு. மண்ணில் ஆவியாக வேண்டிய ஈரத்தை அது சுவருக்குள் திருப்பிவிடும்.

பிறகு உள்ளே: ஓதக் கோட்டுக்கு மூன்றடி மேல்வரை சிமென்ட்டை உளியால் கொத்தி எடுங்கள். அதிரும் மெஷின் வைத்தால் மண் சாந்து கலகலத்துவிடும். உப்பை உலர்ந்த பிரஷால் தட்டி எடுக்க வேண்டும். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு உள்ளே போய்விடும். அதன் பின் ஒரு கோடை முழுவதும் சுவரைத் திறந்தே விடுங்கள். இதற்குப் பொறுமை இல்லாதவர்கள்தான் இரண்டாம் முறை செலவு செய்கிறார்கள்.

பூச்சுக்கு ஒரு பங்கு நீற்றிய சுண்ணாம்பு, மூன்று பங்கு சலித்த மணல். சுண்ணாம்பை நீற்றி இரண்டு மூன்று வாரமாவது நீரில் மூழ்கி இருக்கவிட வேண்டும். சரியாக நீறாத துகள் பூசிய பிறகு பொங்கிப் புள்ளி புள்ளியாகத் தெறிக்கும். ஒவ்வொரு அடுக்கும் அரை அங்குலத்துக்கு மேல் போகக்கூடாது. அக்கினி நட்சத்திர வெயிலில் பூசினால் ஒரே நாளில் வறண்டு வெடிக்கும். ஈரச் சாக்குத் தொங்கவிட்டு இரண்டு வாரம் மெதுவாகக் காயவிடுங்கள். மேலே பெயின்ட்டுக்குப் பதில் சுண்ணாம்பு அடி, மெல்லிசாக மூன்று முறை.

கலவைக்கு எந்தத் தண்ணீர் என்பதையும் கவனிக்க வேண்டும். பாலாற்றை ஒட்டிய ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதியில் தோல் தொழிற்சாலைக் கழிவால் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பேறியது. வேலூர் மக்கள் தொடுத்த வழக்கில் 1996-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொல்லும் அளவுக்குப் போன விஷயம் அது. அப்படிப்பட்ட போர் தண்ணீரில் கலவை போட்டால் நீங்களே சுவருக்குள் உப்பு வைத்துப் பூசுகிறீர்கள். வாங்கித்தான் ஆக வேண்டுமென்றாலும் நல்ல தண்ணீரை லாரியில் வாங்குங்கள்.

பழைய தரை மேல் டைல்ஸ்

ரெட் ஆக்சைடு தரையில் நாலு கீறல் இருந்தால் உடனே மேலே டைல்ஸ் ஒட்டச் சொல்கிறார்கள். கலவையோடு சேர்த்து மட்டம் இரண்டு அங்குலம் வரை உயரும். கதவுகளின் அடியை அறுக்க வேண்டி வரும், நிலைப்படி தாழ்ந்துவிடும். கீறலைக் கொத்தி, அதே நிறக் கலவையால் அடைத்து, தேய்த்து மெழுகு போட்டால் அந்தத் தரை இன்னும் ஒரு தலைமுறை தாங்கும். நிறக் கலவை ஈரத்தில் காட்டும் நிறமும் காய்ந்தபின் காட்டும் நிறமும் வேறு. மூலையில் மூன்று மாதிரி போட்டு, ஒரு வாரம் காயவிட்டுத் தேர்ந்தெடுங்கள். தரை முழுக்கப் போயிருந்தால் கடப்பா கல் போதும்.

அறைக்குள்ளேயே குளியலறை

பெரியவர்கள் வருவார்கள், உள்ளேயே வெஸ்டர்ன் டாய்லெட் வேண்டும் என்பது நியாயமான தேவை. அதற்காக மண் சுவர் அறை ஒன்றைத் தடுத்துக் குழாயைச் சுவருக்குள் பதிப்பது தவறு. மறைந்த இணைப்பில் சொட்டும் நீர் மாதக்கணக்கில் மண் சாந்தைக் கரைக்கும். பின்தாழ்வாரத்தை ஒட்டி, தனி அஸ்திவாரமும் தனிச் சுவருமாக ஒரு சின்ன அறை எழுப்பி, உள்ளிருந்தே போகும்படி கதவு வையுங்கள். குழாய்கள் சுவருக்கு வெளியே தெரியட்டும்.

பூட்டிய வீட்டைத் திறந்ததும் அடிக்கும் நாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் செப்டிக் டேங்க் அல்ல. டாய்லெட்டிலும் தரை வடிகாலின் வளைந்த பகுதியான டிராப்பிலும் நிற்கும் இரண்டு அங்குலத் தண்ணீர்தான் கழிவு வாயுவை அடைத்து வைக்கிறது. வேலூர் வெயிலில் அது சில வாரங்களில் வற்றிவிடும். பிறகு வாயுவும் கரப்பானும் தாராளமாக ஏறும். கிளம்பும்போது ஒவ்வொரு டிராப்பிலும் ஒரு குவளை தண்ணீர் ஊற்றி, மேலே இரண்டு கரண்டி சமையல் எண்ணெய் விடுங்கள். எண்ணெய்ப் படலம் ஆவியாதலைத் தடுக்கும்.

வயரிங்கும் பேட்டரியும்

மண் சுவரில் கட்டிங் மெஷின் வைத்துப் படுக்கைவாட்டில் காடி எடுப்பதைத் தவிருங்கள். சுவருக்கு மேலேயே பி.வி.சி. பைப்பில் ஓட்டுங்கள், அணில் கடித்தாலும் கண்ணுக்குத் தெரியும். விளக்குக்கு 1.5, பவர் பிளக்குக்கு 2.5, ஏ.சி.க்கும் கீசருக்கும் தனித்தனியாக 4 சதுர மி.மீ. வயர். மின்கசிவு வந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். வெளிவிளக்குக்கும் மோட்டாருக்கும் தனி லைன் பிரித்துவிட்டால், போகும்போது மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிடலாம்.

இன்வெர்ட்டரை அணைத்துவிட்டுப் போவது நல்ல எண்ணத்தில் செய்யும் தவறு. சாதாரண லெட் ஆசிட் பேட்டரி சார்ஜ் இல்லாமல் பல மாதம் கிடந்தால் தகட்டில் சல்பேட் படிந்து செத்துவிடும். சாவி வைத்திருப்பவர் மாதம் ஒரு முறை சார்ஜ் போட்டு, டிஸ்டில்டு வாட்டர் மட்டம் பார்க்க வேண்டும். ஆள் இல்லையென்றால் லித்தியம் வாங்குங்கள்.

கரையானுக்கு விருந்து வைப்பது

பார்ட்டிக்கிள் போர்டு மாடுலர் கிச்சன் இந்த வீட்டுக்குப் பொருந்தாது. மழையில் ஊதும், கரையான் தின்னும், மூடிய அலமாரிக்குள் பூஞ்சை பிடிக்கும். சுமார் 1,100 மீட்டர் உயரத்து ஏலகிரியில் இது இன்னும் வேகமாக நடக்கும். கடப்பா கல் தட்டுகளைத் திறந்த அலமாரியாக வைத்து, பாத்திரங்களை மூடிபோட்ட எவர்சில்வர் டப்பாக்களிலும், மெத்தை தலையணைகளை இரும்புப் பெட்டியிலும் வைப்பதே உறுதியானது.

கரையான் மருந்தைத் தரை வேலை முடிந்தபின் அடிப்பது வரிசை தவறிய வேலை. தரை போடுமுன் சுவரும் தரையும் சேரும் கோட்டில் அடிக்கொரு துளை போட்டு, துளைக்கு ஒரு லிட்டர் வரை மருந்துக் கரைசல் இறக்க வேண்டும். கிணறு அருகிலிருந்தால் அந்தப் பக்கம் செய்யாதீர்கள்.

தேக்குக் கதவு, தூண்களின் பழைய எனாமலை கிரைண்டரால் தேய்த்தால் செதுக்கு வேலை மழுங்கும். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் உலர்வாகத் தேய்க்கவே கூடாது. நனைத்துச் சுரண்டுங்கள், குழந்தைகளை அருகில் விடாதீர்கள். பிறகு லின்சீட் ஆயில் மெல்லிசாக இரண்டு பூச்சு போதும். எண்ணெய் துடைத்த துணிகளை உருட்டி மூலையில் போட்டுவிட்டுப் பூட்டினால் தானே சூடேறித் தீப்பிடிக்கும். தண்ணீரில் முக்கியெடுத்து, வெளியே விரித்துக் காயவிட்டுத்தான் எறிய வேண்டும்.

முற்றத்தை மூடுவது

குரங்குக்கும் திருட்டுக்கும் பயந்து முற்றத்தின் மேல் பாலிகார்பனேட் தகடு போட்டு நாலு பக்கமும் அடைத்துவிடுகிறார்கள். கோடையில் கூடம் அடுப்பாகிவிடும், சுவரின் ஈரம் போக்கிடமில்லாமல் உள்ளேயே சுற்றும். கம்பி கிரில்லும் வலையும் போதும். தகடு வேண்டுமென்றே தோன்றினால் ஓட்டு விளிம்புக்கு மேலே ஒன்றரை அடி உயர்த்திக் கட்டி, அந்த இடைவெளியை வலையால் மட்டும் மூடுங்கள். திறந்த முற்றத்தின் ஒரே வடிகாலில் இலை அடைத்துக்கொண்டால் ஆளில்லாத வீட்டில் தண்ணீர் நேராகக் கூடத்துக்குத்தான் போகும். நான்கு அங்குலக் குழாய் இரண்டு வேண்டும்; இரண்டாவதை முதலாவதைவிட இரண்டு அங்குலம் மேலே, தாழ்வாரத்தின் மட்டத்துக்குக் கீழே வையுங்கள்.