பூனைக்குச் சீனி வருத்தம்: முதல் மாதம் வீட்டில் செய்ய வேண்டியவை

மூத்திரம் பெய்த இடத்தில் எறும்பு மொய்க்கிறது, தண்ணீர்ச் சட்டி அரைநாளில் வற்றுகிறது, வயிறு நிறையத் தின்றும் முதுகெலும்பு தெரிகிறது. இந்த மூன்றும் சேர்ந்தால் மிருக வைத்தியரிடம் போவதைத் தள்ளிப்போடாதீர்கள். பின்காலின் குதியை நிலத்தில் பதித்து நடந்தால் சீனி நரம்பையும் தொட்டுவிட்டது. சீனி கட்டுப்பட்டால் நடை பெரும்பாலும் பழையபடி சரியாகும், ஆனால் மாதங்கள் எடுக்கும்.

நோயை உறுதிசெய்ய ஒருமுறை குத்திப் பார்த்த சீனி போதாது. சுகமான பூனைக்கு 80 முதல் 120 வரை இருக்கும் சீனி (டெசிலீற்றருக்கு மில்லிகிராம் கணக்கில்), பயத்தில் மட்டுமே 300ஐத் தொடலாம். நிலாவெளியிலிருந்து கூடைக்குள் அடைபட்டு ஓட்டோவில் வந்து, நாய்கள் குரைக்கும் இடத்தில் காத்திருந்த பூனைக்கு அது நடக்கும். அதனால் மூத்திரத்திலும் சீனி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் புரக்டோசமின் பரிசோதனையையும் கேளுங்கள். அது முந்தைய இரண்டு கிழமையளவு சீனியின் சராசரியைக் காட்டும், பயத்தால் ஏறாது.

வைத்தியரிடம் மறக்காமல் சொல்ல வேண்டியவை இரண்டு. சொறிக்கோ வீக்கத்துக்கோ ஸ்டீரொயிட் ஊசி போட்டிருந்தால் அது முதலாவது. குட்டி போடாமலிருக்கப் பெண் பூனைக்குக் கருத்தடை ஊசி ஏற்றியிருந்தால் அது இரண்டாவது. இரண்டுமே இன்சுலினை வேலைசெய்ய விடாமல் தடுத்துச் சீனி வருத்தத்தைக் கிளப்பக்கூடியவை. மருந்தின் விளைவு அடங்கியதும் சீனியும் இறங்கும் பூனைகள் உண்டு. பல்லில் சீழ், மூத்திரப்பையில் கிருமி இருந்தாலும் இன்சுலின் சரியாகப் பிடிக்காது, அவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இந்த மாதம் முழுவதும் மனதில் நிற்க வேண்டிய ஒன்று: சீனி 350இல் இரண்டு நாள் நின்றால், பூனை தின்று நடமாடும்வரை, திருத்த நேரம் இருக்கிறது. 40க்கு இறங்கினால் மணிக்கணக்கில் உயிர் போகலாம். எண்ணைக் கண்டு பதறி அளவைக் கூட்டுவதுதான் வீடுகளில் நடக்கும் மிக ஆபத்தான பிழை.

இன்சுலினும் சிரிஞ்சும்

பூனைக்கு அதிகம் பாவிப்பது கிளார்ஜின் என்ற இன்சுலின். மனிதருக்கானதுதான், பாமசியில் வாங்கலாம், ஒரு மில்லிலீற்றரில் 100 அலகு இருக்கும். கனின்சுலின், புரோசிங்க் போன்ற மிருக இன்சுலின்களில் மில்லிலீற்றருக்கு 40 அலகு. வீட்டில் அம்மம்மாவுக்கு ஆஸ்பத்திரியில் கொடுத்த மிக்ஸ்டார்ட் இன்சுலின் பிரிஜ்ஜில் இருக்கிறதே என்று அதை எடுத்துப் போடாதீர்கள். அதன் வேகமும் நீடிப்பும் பூனையின் உடலுக்குப் பொருந்தாது. மனிதரின் சீனிக் குளிசைகளும் அப்படித்தான். 300 அலகுச் செறிவுள்ள கிளார்ஜின் பேனாவும் கடையில் உண்டு. அதிலிருந்து சிரிஞ்சால் ஒருபோதும் உறிஞ்சக்கூடாது.

சிரிஞ் இன்சுலினின் செறிவோடு பொருந்த வேண்டும். 40 அலகு சிரிஞ்சுக்கு வழக்கமாகச் சிவப்பு மூடி, 100 அலகு சிரிஞ்சுக்குச் செம்மஞ்சள் மூடி. 100 செறிவுள்ள மருந்தை 40 சிரிஞ்சில் 2 என்ற கோடுவரை இழுத்தால் உள்ளே போவது 5 அலகு. சிறிய பூனையை மயக்கத்தில் தள்ள அது போதும். இன்னொரு சிக்கல்: பாமசியில் முதலில் எடுத்துத் தரும் ஒரு மில்லிலீற்றர், 100 அலகு சிரிஞ்சில் பெரும்பாலும் இரண்டு அலகுக்கு ஒரு கோடுதான் இருக்கும். ஒரு அலகை அதில் அளப்பது வெறும் ஊகம். 0.3 மில்லிலீற்றர், அரை அலகுக் கோடு போட்டது என்று கேட்டு வாங்குங்கள். இல்லையென்றால் சொல்லி எடுப்பியுங்கள், இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

தொடக்க அளவை வைத்தியர்தான் தீர்மானிப்பார். 4 கிலோப் பூனைக்குப் பொதுவாக ஒரு அலகு, 12 மணிக்கொருமுறை. முதல் நாளிலேயே இரண்டுக்கு மேல் எழுதியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். கூட்டுவதானால் அரை அலகு, மிஞ்சினால் ஒரு அலகு, அதுவும் குறைந்தது ஒரு கிழமை பொறுத்துத்தான்.

வெக்கையும் கரண்டும்

இன்சுலின் 2 முதல் 8 பாகைக்குள் இருக்க வேண்டும். பிரிஜ்ஜின் கதவில் வைக்காதீர்கள், திறக்கத் திறக்கச் சூடு ஏறும். ஐஸ் பெட்டிக்கு அருகிலும் வேண்டாம், ஒருமுறை உறைந்தால் பார்வைக்கு நல்லதுபோல் இருந்தாலும் செத்த மருந்து. நடுத்தட்டில் ஒரு பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வையுங்கள். திறந்த திகதியைப் போத்தலில் எழுதுங்கள். மனிதருக்கான குறிப்பில் 28 நாள் என்றிருக்கும், குளிரிலேயே இருந்த போத்தலை அதற்கு மேலும் பாவிக்கலாமா என்பதை வைத்தியரிடம் கேளுங்கள். கிளார்ஜின் தெளிந்த நீர்போல இருக்கும், கலங்கினால் எறியுங்கள். அதைக் குலுக்கவோ வேறெதோடும் கலக்கவோ கூடாது. மிருக இன்சுலின்கள் பால்போலக் கலங்கலானவை, எப்படிக் கலக்க வேண்டும் என்பதைப் பெட்டிக்குள் இருக்கும் தாளில் பாருங்கள்.

2022இல் இலங்கையில் நாளுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். திறக்காமல் விட்ட பிரிஜ் நான்கு மணிநேரமளவு குளிர் காக்கும். அதற்கு மேல் போனால் மண்சட்டி உதவும். பெரிய சட்டிக்குள் சின்னச் சட்டியை வைத்து, இடையில் ஆற்றுமணலை நிரப்பி நனைத்து, இன்சுலினைக் காய்ந்த பெட்டியில் இட்டு உள்ளே வைத்து, ஈரச்சாக்கால் மூடி நிழலில் வையுங்கள். கச்சான் காற்று வீசும் மாதங்களில் ஈரம் வேகமாக உலர்வதால் இது நன்றாகக் குளிரும். மாரியில் காற்றே ஈரமாக இருப்பதால் அவ்வளவு குளிராது, ஆனால் அப்போது வெக்கையும் குறைவு. மீன் ஐஸ் வாங்கினால் போத்தலைத் தடித்த துணியில் சுற்றுங்கள், ஐஸில் நேரே படவிடாதீர்கள்.

ஊசி போடும் முறை

காலை 6.30, மாலை 6.30 என்று வீட்டுக்குப் பொருந்திய நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். நோன்பு காலத்தில் வீட்டின் சாப்பாட்டு நேரம் மாறினாலும் பூனையின் நேரம் மாறக்கூடாது.

முதலில் சாப்பாட்டை வையுங்கள். தின்னத் தொடங்கியதும் சிரிஞ்சில் காற்றுக்குமிழ் இல்லாமல் மருந்தை இழுங்கள். குமிழ் இருந்தால் போத்தலுக்குள்ளேயே திருப்பித் தள்ளி மறுபடி இழுங்கள். கிளார்ஜினில் ஒரு அலகு என்பது மில்லிலீற்றரில் நூறில் ஒன்று, சின்னக் குமிழும் பாதி மருந்தைத் தின்றுவிடும். விலாப்பக்கத் தோலைக் கூடாரம்போலத் தூக்கி, ஊசியின் சரிவு மேலே பார்க்க, கூடாரத்தின் அடிக்குள் சாய்வாக ஏற்றுங்கள். பிடரியில் போடுவது பழக்கமாக இருந்தாலும் அங்கே உறிஞ்சுவது மந்தம். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போட்டால் தோல் தடிக்கும். இன்று இடம், நாளை வலம் என்று மாற்றுங்கள். ஸ்பிரிட் தடவ வேண்டாம், எரிவும் மணமும் பூனையை அடுத்த நேரம் ஓட வைக்கும்.

மயிர் நனைந்திருந்தால் மருந்து வெளியே போயிருக்கலாம். பாதி போனதா முழுதும் போனதா என்று தெரியாதபோது மறுபடி போடாதீர்கள். அடுத்த நேரம் வரட்டும். தவறிய நேரத்துக்கும் இதே விதி, இரட்டை அளவு எப்போதும் தவறு. பூனை தின்னவில்லை, சத்தியெடுக்கிறது என்றால் வழக்கமான அளவைப் போடாமல் வைத்தியரை அழையுங்கள். அப்படி நடந்தால் பாதி போடுவதா, விடுவதா என்பதை முதல் நாளே கேட்டு எழுதி, பிரிஜ் கதவில் ஒட்டி வையுங்கள்.

பாவித்த ஊசிகளைத் தடித்த பிளாஸ்ரிக் போத்தலில் போட்டு மூடி, நிறைந்ததும் கிளினிக்கில் கொடுங்கள். குப்பைப் பையில் போட்டால் குத்துப்படுவது துப்புரவுத் தொழிலாளியின் கை.

சாப்பாடு

பூனை இறைச்சி தின்னப் பிறந்த உடம்பு. மாச்சத்தைக் குறைத்தாலே பல பூனைகளுக்குச் சீனி இறங்கும், சில பூனைகளுக்கு இன்சுலினே தேவைப்படாமல் போகும். நம் வீடுகளில் பூனைக்குப் போவது சோறும் மீனும், பாலும், பிஸ்கற் துண்டும். சோறு, பால், பிஸ்கற் மூன்றும் நிற்க வேண்டும். ஆனால் ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். இன்சுலின் அளவு பழைய சாப்பாட்டுக்குத் தீர்மானித்தது, மாச்சத்து சட்டென்று குறைந்தால் அதே அளவு மிஞ்சிவிடும். வைத்தியரிடம் சொல்லிவிட்டு, ஒரு கிழமையளவில் படிப்படியாக மாற்றி, சீனியைப் பார்த்துக்கொண்டு போங்கள்.

கடைச் சாப்பாட்டில் பையிலும் டின்னிலும் வரும் ஈரச்சாப்பாடு நல்லது, உலர் உருண்டைகளில் மாவு அதிகம். பையின் பின்புறத்திலேயே கணக்குப் பார்க்கலாம். நூறிலிருந்து புரதம், கொழுப்பு, நார், ஈரம், சாம்பல் ஐந்தையும் கழித்தால் மீதி மாச்சத்து. பிறகு புரதத்தையும் மாச்சத்தையும் 3.5ஆல், கொழுப்பை 8.5ஆல் பெருக்கிக் கூட்டினால் மொத்தக் கலோரி. ஈரம் 80, புரதம் 11, கொழுப்பு 5, நார் 0.5, சாம்பல் 2 என்றால் மாச்சத்து 1.5, கலோரியில் 6 சதவீதம். நன்று. ஈரம் 10, புரதம் 30, கொழுப்பு 10, நார் 4, சாம்பல் 8 உள்ள உலர் சாப்பாட்டில் 41 சதவீதம். 12க்குக் கீழே வருவதைத் தேடுங்கள். ‘கிரேவி’ என்று எழுதியவற்றில் குழம்பைத் தடிப்பாக்க மாவு சேர்த்திருப்பார்கள், கணக்குப் பார்க்காமல் எடுக்க வேண்டாம்.

எல்லா நாளும் பை வாங்கக் கட்டுப்படியாகாத வீடுகள் பல. அங்கே அவித்த கோழி, அவித்த சூரை, சாளை, பாரை, கொஞ்சம் ஈரல் கொடுக்கலாம். அவித்த தண்ணீரையும் சேர்த்தே ஊற்றுங்கள், பூனைக்கு இன்றியமையாத டோரின் என்ற சத்து அதில் கரைந்து நிற்கும். பச்சை மீனை மட்டுமே நாள்தோறும் போட்டால் சில மீன்களிலுள்ள நொதி வைற்றமின் பி1ஐ அழித்துவிடும். கறிச்சட்டி வழித்ததில் வெங்காயமும் உள்ளியும் இருக்கும், இரண்டும் பூனையின் இரத்தத்தைக் கெடுப்பவை. வீட்டுச் சாப்பாட்டோடு மட்டும் மாதக்கணக்கில் போவதானால் கல்சியத்துக்கும் வைற்றமினுக்கும் என்ன சேர்ப்பது என்று வைத்தியரிடம் கேட்க வேண்டும்.

வெள்ளிக்கிழமையும் விரத நாளும் மச்சம் சமைக்காத வீடுகளில் பூனைக்குப் பால்சோறு விழும். மாச்சத்து ஏறும், அல்லது பூனை முகர்ந்துவிட்டுப் போய்விடும். இரண்டாவதில் இன்சுலின் வெறும் வயிற்றில் நிற்கும். விரத காலத்துக்கென்று நாலைந்து பைகளைச் சமையலறைக்கு வெளியே, விறாந்தையில் தனிப் பெட்டியில் வைத்துவிட்டால் வீட்டின் ஆசாரமும் கெடாது, பூனையின் நேரமும் தவறாது.

வெளியே திரியும் பூனைதான் எல்லாவற்றையும் விடக் கடினம். பக்கத்து வீட்டில் மீன்தலையும் சோறும் தின்றுவிட்டு வந்தால் நீங்கள் போடும் கணக்கு எதுவும் பொருந்தாது. சீனி இறங்கி மதிலுக்குப் பின்னால் விழுந்தால் தேடிப் பிடிக்கவும் முடியாது. முதல் மாதமாவது உள்ளே வைத்திருங்கள். அயலாருக்கு நேரே போய், “இதுக்குச் சீனி வருத்தம், ஊசி போடுறம், தயவுசெய்து ஒண்டும் குடுக்காதேங்கோ” என்று சொல்லுங்கள். காரணம் தெரிந்தால் பெரும்பாலும் கேட்பார்கள்.

சீனி இறங்கினால்

கால் பின்னுகிறது, கண்மணி விரிந்திருக்கிறது, உடம்பு நடுங்குகிறது, சுவரைப் பார்த்து வெறிக்கிறது, பிறகு வலிப்பு. சீனி அளக்கும் மீற்றரில் பார்க்க நேரமிருந்தால் பாருங்கள், 60க்குக் கீழே என்றால் உறுதி. நேரமில்லாவிட்டால் பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். தின்னக்கூடிய நிலையில் இருந்தால் உடனே சாப்பாடு. தள்ளாடினால் ஒரு தேக்கரண்டித் தேன், கித்துள் பாணி அல்லது குழைத்த குளுக்கோஸ் எடுத்துப் பல்முரசில் தேயுங்கள். வலிப்பு வரும் வாய்க்குள் எதையும் ஊற்றாதீர்கள், நுரையீரலுக்குப் போகும். விரலையும் பல்லுக்கிடையில் விடாதீர்கள். தெளிந்தாலும் வைத்தியரிடம் கொண்டு போங்கள், உள்ளே இருக்கும் இன்சுலின் இன்னும் பல மணிநேரம் இழுக்கும். தேன் போத்தல் எங்கே இருக்கிறது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

வீட்டில் அளப்பது

மனிதரின் குளுக்கோமீற்றர் பூனையின் சீனியைக் கொஞ்சம் குறைவாகக் காட்டும். பூனைக்கென்று அளவிட்ட மீற்றர் கிடைத்தால் நல்லது. கிடைக்காவிட்டால் ஒரே மீற்றரையே தொடர்ந்து பாவியுங்கள், எது என்று வைத்தியருக்கும் சொல்லுங்கள். காதின் ஓரத்தைச் சூடான துணியால் அரை நிமிடம் ஒற்றி, மெல்லிதாக வஸ்லின் பூசி, பின்பக்கம் பஞ்சை வைத்து, ஓரநாளத்துக்குப் பக்கத்தில் குத்துங்கள். வஸ்லின் இருந்தால் துளி மயிரில் பரவாமல் உருண்டு நிற்கும்.

ஊசிக்கு முன் எப்போதும் ஒருமுறை பாருங்கள். முதல் மாதத்தில் 200க்குக் கீழே இருந்தால் போடாமல் வைத்தியரை அழையுங்கள். ஊசி தொடங்கி ஒன்று, இரண்டு கிழமையில் ஒரு முழுநாள் ஊசிக்கு முன்னும், பின்பு இரண்டு மணிக்கொருமுறையும் 12 மணிநேரம் எழுதுங்கள். மிகத் தாழ்ந்த எண் 80க்கும் 150க்கும் இடையில் வருவதே இலக்கு. காலையில் 400 காட்டுவதை மட்டும் பார்த்து அளவைக் கூட்டாதீர்கள். நடுவில் மிகவும் இறங்கி, உடம்பு பயந்து மேலே தள்ளியதாலும் அந்த 400 வரலாம். அதை அந்த முழுநாள் குறிப்புத்தான் காட்டும்.

கிழமைக்கு ஒருமுறை கூடையில் வைத்து நிறுங்கள். தண்ணீரை அளந்து ஊற்றுங்கள். உடல் எடையில் கிலோவுக்கு 100 மில்லிலீற்றருக்கு மேல் ஒரு நாளில் குடித்தால் சீனி கட்டுப்படவில்லை. மூத்திரத்தில் கீற்றோன் (இன்சுலின் போதாமல் உடம்பு கொழுப்பை எரிக்கும்போது சேரும் பொருள்) காட்டும் பட்டி வாங்கி வையுங்கள். மணல் தட்டில் கடல்மணலுக்குப் பதில் கழுவிய மீன்தொட்டிக் கல் போட்டால் மூத்திரம் உறிஞ்சாமல் அடியில் நிற்கும். கீற்றோன் தெரிந்து, பூனையும் சோர்ந்து தின்னாமல் இருந்தால் அன்றிரவே வைத்தியம் வேண்டும். உள்ளூரில் சேலைன் ஏற்றித் தங்கவைத்துப் பார்க்க வசதியில்லை என்றால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்தியப் போதனா வைத்தியசாலைக்கு அனுப்புவார்களா என்று கேளுங்கள். அந்த வழியையும் வாகனத்தையும் இப்போதே யோசித்து வையுங்கள்.

சில மாதங்களில் ஊசிக்கு முந்தைய சீனியே அடிக்கடி 150க்குக் கீழே வரத் தொடங்கினால் பூனையின் உடம்பே இன்சுலினைச் சுரக்கத் தொடங்கியிருக்கலாம். அப்போது அளவைக் குறைப்பதும் நிறுத்துவதும் வைத்தியரோடு சேர்ந்து படிப்படியாக நடக்க வேண்டும். நிறுத்திய பிறகும் சோறும் பாலும் திரும்பக்கூடாது, கிழமைக்கு ஒருமுறை சீனி பார்ப்பதும் நிற்கக்கூடாது. எந்தக் கிளினிக்குக்குப் போனாலும் ஊசி ஏற்றுமுன் “இதுக்குச் சீனி வந்தது, ஸ்டீரொயிட் போட வேண்டாம்” என்று முதலில் சொல்லுங்கள்.