‘நெளிந்தார்’ என்று எழுதும் முன்

மெய்ப்புப் பார்க்க வந்த பிரதிகளில் போன வாரம் மட்டும் மூன்று இடத்தில் அதே தவறு: வேதனையில் துடிப்பவரை ‘நெளிந்தார்’ என்று எழுதுவது. மூன்றும் புதிதாக மொழிபெயர்க்க வந்தவர்கள் எழுதியவை. நான் ஒரு காலத்தில் செய்ததையே அவர்களும் செய்கிறார்கள், அதனால்தான் இதை எழுதுகிறேன். ‘நெளி’யா ‘நெழி’யா என்ற பேச்சை விட்டுவிடுகிறேன், அகராதியைத் திறந்தால் தீர்ந்தது.

வலியில் நெளிவது

ஒரு பெரியவரின் நினைவு மலருக்கு எழுதித் தந்தேன். கடைசி நாட்களைச் சொல்லும் இடத்தில் ‘வலியில் நெளிந்தபோதும் முகத்தில் சிரிப்பு மாறவில்லை’ என்று ஒரு வரி. அச்சாகி வந்த அன்று மாலை அவருடைய மகள் போன் செய்தார். “எங்கப்பா என்ன புழுவா சார்?” எனக்கு வாய் எழவில்லை. 16 பக்க ஃபாரம் (ஒரே தாளில் சேர்ந்து அச்சாகும் பக்கங்கள்) ஒன்று முழுவதும் என் செலவில் திரும்ப அச்சானது. காசு போனது போகட்டும், அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

புழு நெளியும், தண்ணீரில் பாம்பு நெளியும். வளர்ந்த மனிதர் நெளிந்தால் அது பெரும்பாலும் கூச்சம், இல்லையென்றால் மாட்டிக்கொண்ட சங்கடம்: கடன் கொடுத்தவர் எதிரே வந்தால் நெளிவோம், பெண் பார்க்கப் போன இடத்தில் மாப்பிள்ளை நாற்காலியில் நெளிவார். வேதனைக்கு உரிய சொல் துடிப்பு. புழுவையே உவமையாக்கும்போதுகூட ‘அனலில் விழுந்த புழுவாய்த் துடித்தாள்’ என்றுதானே சொல்கிறோம்? கைக்குழந்தை வயிற்று வலியில் நெளிகிறது என்று வீட்டில் சொல்வோம், சரிதான்; அங்கே அது உடம்பை முறுக்குவது கண்ணுக்குத் தெரிகிறது. படுக்கையில் அசையக்கூட முடியாமல் கிடந்தவருக்கு அந்தச் சொல்லை நான் போட்டிருக்கக் கூடாது.

‘உடலை நெளிந்தது’

இப்படி எழுதுவது பிழை. பாம்பு நெளிந்தது. பாம்பு உடலை நெளித்தது. வளைந்தது, வளைத்தது போலத்தான்.

நெளிவு சுளிவு

‘நெளிவு சுளிவு’ என்றால் நுணுக்கம், அது தொழிலுக்கு. மலைப்பாதைக்கு அது வேண்டாம், பாதை ‘வளைந்து நெளிந்து’ போகட்டும்.

உயிர் இல்லாததும் நெளியும்

‘சொம்பு நெளிந்திருந்தது’ என்ற என் வரியை, சொம்பு எப்படி நெளியும் என்று கேட்டு ‘உடைந்திருந்தது’ என மாற்றிவிட்டார் ஒரு தம்பி. பித்தளைச் சொம்பு கீழே விழுந்தால் எங்கே உடைகிறது? விளிம்பு நெளியும், அப்புறம் சாய்த்தால் தண்ணீர் நேராக விழாமல் பக்கத்தில் வழியும். கதையில் அடுத்த பத்தியிலேயே கிழவி அதில்தான் தண்ணீர் குடிக்கிறாள், முந்தானை நனைகிறது. விரலில் போடும் நெளி மோதிரத்துக்குப் பேர் வந்ததும் இதே நெளிவால்தான், அலை அலையாக வளைந்திருப்பதால்.